நீலகிரி மலையோரக் கிராமங்களில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர் பக்கம் பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோர்ட் என்று போய்வருவது என் வேலை. எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழங்குடி ஊர்களிலும் படுகர்களின் ஹட்டிகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஊட்டி டவுனில் இருப்பவருக்கும் சேரம்பாடியில் இருப்பவருக்கும் அது ஒரே தூரத்தில் இல்லை. அதனால் சட்டத்தைச் சொல்லும்போது பஸ்ஸையும் டவரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

நடந்து சில மணி நேரம்தான் ஆகிறது. முதலில் போக வேண்டியது ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரி. போலீஸ் கடிதம் இருந்தால்தான் பார்ப்போம் என்று யாரும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397-வது பிரிவு. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

ஆஸ்பத்திரியை முதலில் சொல்வதற்குக் காரணம், சில மருந்துகளுக்குக் கெடு இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் நன்றாக வேலை செய்யும். ஐந்து நாள் வரை ஓரளவு பலன் இருக்கும். அதை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பல கடைகளில் அதை வைப்பதே இல்லை, கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

28 நாள் மாத்திரை என்றதும் ஒரு விஷயம். வாரா வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால், உங்கள் ஊரிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அங்கேயே சொல்லி, மொத்தமாகத் தர முடியுமா, பக்கத்தில் எங்காவது வாங்க வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள். பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் பயத்தால் அல்ல, பஸ்ஸால்.

குளித்துவிட்டாள், துணியையும் துவைத்துவிட்டாள். இனிப் போய்ப் பயன் உண்டா?

உண்டு. குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல் வந்தால் தடய மாதிரி எடுக்க நல்லது, அவ்வளவுதான். மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி நெறிமுறை. அதுவும் கடந்துவிட்டால் காயங்களைப் பதியலாம், சிகிச்சை தரலாம். துவைக்காத துணி இருந்தால் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும். நம்ம மலை ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நிழலில் காயவைத்து, மளிகைக் கடைக் காக்கிக் கவரிலோ செய்தித்தாளிலோ ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். மாற்றுத் துணி ஒரு செட் எடுத்துப் போங்கள், போட்டிருப்பதை வாங்கிக்கொள்வார்கள்.

கடைசி பஸ் போய்விட்டது. எஸ்டேட் ஜீப்பைத் தவிர வேறு வண்டி இல்லை. என்ன செய்வது?

எஸ்டேட் ஜீப்பைக் கேட்டால் ரைட்டருக்கோ ஃபீல்டு ஆபீசருக்கோ காரணம் சொல்ல வேண்டும். சில நேரம் தப்புச் செய்தவனே அந்த ஜீப்பை ஓட்டுகிறவனாக இருப்பான், இல்லை அவனுடைய சொந்தக்காரனாக இருப்பான். 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவத்துக்கும் விபத்துக்கும் மட்டும்தான் அது வரும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இதுவும் மருத்துவ அவசரம்தான். போனில் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. 'பெண்ணுக்கு அடிபட்டிருக்கு, ரத்தம் போகுது' என்பது போல உண்மையாக இருப்பதைச் சொன்னால் போதும். எந்த வளைவில், எந்த டிவிஷன் லைனில் நிற்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

181 பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் இலவசம். வழி சொல்வார்கள், போலீசுக்கும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் இணைத்துவிடுவார்கள். அவசரம் என்றால் 112. எல்லையோரம் சில இடங்களில் செல்போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டால் அழைப்பு அந்தப் பக்கம் போகக்கூடும். எடுத்தவுடன் 'நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா' என்று ஆரம்பியுங்கள்.

ராத்திரி யானை நிற்கிற ரோடு என்றால் நடந்து இறங்காதீர்கள். நம்பகமான வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும் வரை இருப்பது தப்பே இல்லை. 72 மணி நேரம் என்பது மூன்று நாள். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனாலும் கெடுவுக்குள்தான் இருக்கிறீர்கள். மகளிர் இலவசப் பஸ் பயணம் 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் வந்துவிட்டது. கையில் காசில்லை என்பதற்காக ஒரு நாள் தள்ளிப்போட வேண்டாம்.

எங்களுக்கு ஊட்டியைவிட சுல்தான் பத்தேரிதான் பக்கம். கேரளாவில் காட்டலாமா?

தாராளமாக. எருமாடு, அய்யன்கொல்லி பக்கம் இருப்பவர்கள் காய்ச்சலுக்கே அங்கேதான் போகிறார்கள். 397-வது பிரிவு நாடு முழுவதும் செல்லும். கோத்தகிரிக்குக் கீழே இருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கம் என்றால் அதுவும் சரி. போலீஸ் புகாரும் அப்படியே. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். 'இது எங்க லிமிட் இல்லம்மா' என்ற பதில், புதுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு சட்டப்படியே செல்லாது.

மாவட்டத்துக்குள் எந்தெந்த ஆஸ்பத்திரி?

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர், பந்தலூரில் அரசு மருத்துவமனைகள். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையும் இருக்கிறது, பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் மக்களுக்குப் பழக்கமான இடம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் முதலுதவி தர வேண்டும், மேலே அனுப்பினால் 108-ல் அனுப்ப வேண்டும்.

அங்கே என்ன செய்வார்கள்? ரொம்ப அசிங்கப்படுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் அவசரப் பிரிவில் பெயர் எழுதுவார்கள். கவுன்டரில் நாலு பேர் நிற்கும்போது 'என்ன ஆச்சு?' என்று சத்தமாகக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 'டாக்டர்கிட்ட தனியாச் சொல்றேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு ஏ.ஆர். போடுவார்கள், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதில் 'தெரிந்த நபர்', 'தெரியாத நபர்', எத்தனை பேர் என்று வரும். கோர்ட்டில் முதலில் எடுத்துப் பார்ப்பதே அந்த வரியைத்தான். அதனால் அவசரத்தில் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லிவிடாதீர்கள். கூட வந்த மாமியாரோ கணவரோ உங்களுக்குப் பதில் பேச ஆரம்பித்தால், அவரை வெளியே இருக்கச் சொல்லுமாறு நர்ஸிடம் கேட்கலாம்.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். காயத்துக்கு மருந்து மட்டும் போதும், உள் பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், பதினெட்டு வயதுக்குக் கீழான சிறுமிக்குப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இரண்டு விரல் சோதனை கூடவே கூடாது. உச்ச நீதிமன்றம் 2013-லேயே அதைக் கண்டித்தது. 2022 அக்டோபரில், இனி யார் செய்தாலும் அது ஒழுங்கீனம் என்றே சொல்லிவிட்டது. யாராவது கையுறை போட்டுக்கொண்டு 'பழக்கம் உண்டா?' என்று கேட்டால், 'இது தடை' என்று கூட இருப்பவர் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

போலீசுக்குப் போக விருப்பமில்லை. வைத்தியம் மட்டும் பார்த்துக்கொள்ளலாமா?

பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் கடமை. ஆனால் வாக்குமூலம் கொடுப்பதும் கொடுக்காததும் வயது வந்த பெண்ணின் முடிவு. 'இப்போது புகார் வேண்டாம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டும். மாதிரிகளை எடுத்து வைக்கச் சொல்வது நல்லது என்பது என் கருத்து, அடுத்த மாதம் மனசு மாறலாம்.

ஸ்டேஷனில் வெறும் மனு ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

போதாது. சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. கையில் ஒரு தாள் கிடைத்ததும் கேஸ் போட்டாயிற்று என்று நம்பி, வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். தாளின் மேலே 'முதல் தகவல் அறிக்கை' என்று இருக்கிறதா பாருங்கள். குற்ற எண், பிரிவு எண் இருக்க வேண்டும். பாலியல் வன்கொடுமை என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 64 அல்லது அதை ஒட்டிய பிரிவு இருக்கும். பிரதி இலவசம். பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

எழுத மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்தக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் அதிகாரிக்கு அதே நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் குறைந்தது ஆறு மாதச் சிறை உண்டு. இந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் அதை எடுத்துக் காட்டினால் பல நேரம் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்.

ஊட்டி, குன்னூர், கூடலூரில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கேதான் போக வேண்டும் என்று இல்லை. விசாரணை வாக்குமூலத்துக்கு நீங்கள் ஸ்டேஷனுக்கு இறங்க வேண்டியதே இல்லை, உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ வந்து பதிய வேண்டும். லைன் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றால் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும் என்றால், சொந்தக்காரர் வீட்டையோ சேவை மையத்தையோ சொல்லுங்கள்.

எனக்குத் தமிழ் சரியாக வராது. பணியர் பாஷைதான் தெரியும்.

தெரிந்த பாஷையில் சொல்லுங்கள். புரியாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். மொழி தெரிந்த, நீங்கள் நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். வாக்குமூலத்தின்போது உறவினரோ உள்ளூர்ச் சமூகப் பணியாளரோ அருகில் இருக்கலாம். குழந்தை என்றால் மொழிபெயர்ப்பாளர் வைப்பது போக்சோ சட்டத்திலேயே (பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்திருக்கும் பெண்களுக்கும் இதுவே. அவர்களுக்கு மொழிபெயர்க்க, அவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரியை மட்டும் உட்காரவைக்காதீர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எஸ்டேட் ஆபீசிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மலையில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்: பாலியல் வன்கொடுமை சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் இல்லை. உச்ச நீதிமன்றமும் 2013-ல் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. பஞ்சாயத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கின பத்திரத்துக்கு மதிப்பு கிடையாது. பணம் வாங்கியிருந்தாலும் பிறகு புகார் கொடுக்கலாம்.

ஆனால் விஷயம் சட்டம் தெரியாததால் மட்டும் இங்கே வந்து நிற்பதில்லை. லைன் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். இலங்கையிலிருந்து திரும்பி வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்திலும் தனியார் தோட்டத்திலும் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்குப் போக வேறு ஊரே இல்லை. இது தெரிந்துதான் 'யோசிச்சுச் செய்யும்மா' என்கிறார்கள். அது அறிவுரை மாதிரி காதில் விழும், உண்மையில் மிரட்டல். யார், எப்போது, யார் முன்னால் அப்படிச் சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் அதையும் சேருங்கள், சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். வேலையை விட்டு நிறுத்தினால், மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் விட்டுப்போனால், அன்றைக்கே தொழிற்சங்கத்துக்கும் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள்.

பேசி முடிக்க வந்தவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: பறி கூடையில் எடை குறைந்தால் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கிறீர்களே, அதை ஏன் பேசி முடிப்பதில்லை?

வேலை இடத்தில், மேலதிகாரி தொல்லை கொடுக்கிறார். வன்கொடுமை அளவுக்கு இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டம், ஃபேக்டரி எதுவானாலும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். சின்ன இடம், வீட்டு வேலை, ரிசார்ட் முதலாளி மேலேயே புகார் என்றால் கலெக்டர் அமைக்கும் உள்ளூர் புகார் குழு.

பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை. கல்யாணம் கட்டிவைத்துவிடலாம் என்கிறார்களே?

கூடாது. அது இன்னொரு குற்றம். பதினெட்டுக்குக் கீழே என்றால் போக்சோ. சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர், வார்டன், நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று உண்டு உறைவிடப் பள்ளி நிர்வாகம் மறைத்தால் நிர்வாகி மேல் வழக்கு வரும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பிள்ளையே போன் செய்யலாம்.

போலீஸ் யூனிஃபார்ம் இல்லாமல், பிள்ளை இருக்கும் இடத்துக்கு வந்து, பெண் அதிகாரியைக் கொண்டு கேட்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை கூட வர ஒரு துணை நபரைக் குழு நியமிக்கலாம். கேட்காமல் கிடைப்பது அபூர்வம், கேளுங்கள். பையனுக்கு நடந்தாலும் இதே சட்டம்தான்.

சகி மையம் என்கிறார்களே, அது எங்கே?

ஒருங்கிணைந்த சேவை மையம் என்று பலகை இருக்கும். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம், நம் மாவட்டத்துக்கு ஊட்டியில். ஆலோசனை, போலீஸ் உதவி, சட்ட உதவி, மருத்துவத்துக்குக் கூட்டிப் போவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். ஐந்து நாள் வரை தங்கலாம், சின்னப் பிள்ளைகளோடும். வீட்டுக்குத் திரும்ப முடியாத நிலை என்றால் அங்கிருந்து காப்பகத்துக்கு வழி செய்வார்கள்.

கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால். மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு சமவெளிக்குப் போட்டது. மலையில் தாலுகாவுக்கு ஒன்று வேண்டும் என்பதை நான் எங்கே மைக் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவரை 181 மூலமாகக் கேட்டு, வண்டி அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

கர்ப்பம் ஆகிவிட்டால்?

24 வாரம் வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், அதற்கு மேல் இரண்டு மருத்துவர்கள் கருத்து வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், கணவரோ அப்பாவோ வேண்டாம். 24 வாரம் தாண்டினால் உயர் நீதிமன்ற உத்தரவு வேண்டும், இலவச வக்கீல் மூலம் அவசர மனு போடலாம். புகார் கொடுத்திருந்தால், டி.என்.ஏ. சோதனைக்குத் திசுவைப் பாதுகாக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் பழங்குடி, செய்தவன் வேறு சாதி. ஏதாவது வித்தியாசம் உண்டா?

நிறைய. செய்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும். டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடையாது. வன்புணர்ச்சிக்கு 5 லட்சம், கூட்டு வன்புணர்ச்சிக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம்: மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் கால், தீர்ப்பின்போது மிச்சம். விசாரணைக்கு வந்துபோகப் பயணப்படியும் உண்டு. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாத குடும்பங்கள் இங்கே ஏராளம். அதற்காகக் காத்திருக்காமல் புகாரிலேயே சமூகத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

மற்றவர்களுக்கு?

2018-ன் இழப்பீட்டுத் திட்டப்படி வன்புணர்ச்சிக்கு 4 முதல் 7 லட்சம் வரை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு. தீர்ப்பு வரும் வரை காத்திருக்காமல் இடைக்கால உதவி கேட்கலாம். வக்கீலும் இலவசம், பெண் என்றால் வருமானச் சான்று தேவையில்லை. போன் 15100.

செய்தவர் கணவர்தான்.

சேர்ந்து வாழும், பதினெட்டு வயது நிறைந்த மனைவிக்கு வன்புணர்ச்சிப் பிரிவு பொருந்தாது என்பதுதான் இன்றைய சட்டம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம் 2005 பாலியல் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது, பாதுகாப்பு உத்தரவும் வீட்டில் இருக்கும் உரிமையும் கேட்கலாம். பிரிந்து வாழும்போது நடந்தால் அது தண்டனைக்குரிய குற்றம். சிகிச்சைக்கு எந்தத் தடையும் இல்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

பெயரோ படமோ ஆளை அடையாளம் காட்டும் எந்தத் தகவலோ வெளியிட்டால் நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. 'இன்னார் மகள், இன்ன லைன்' என்று போடுவதும் அதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் புகார் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு 'நீதி வேண்டும்' என்று படம் பகிர்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொன்னால் எடுப்பார்களா?

எடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஏன் தாமதம் என்பதை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள். பயம், வீடு, பஸ், எதுவாக இருந்தாலும். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-ல் 18 பழங்குடிப் பெண்களுக்கு நடந்ததற்கு 2011-ல் தண்டனை வந்தது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவர்களும் மலையடிவாரத்து மக்கள்தான், எதிரே நின்றது அரசு அதிகாரிகள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊட்டி மகளிர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். வழக்கை நடத்துவது அரசு வக்கீல், நீங்கள் சாட்சி. சம்மன் வந்த நாளுக்கு மட்டும் போனால் போதும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். முதல் நாள் மாலையே போய்த் தங்க முடிந்தால் நல்லது. மண் சரிந்து ரோடு அடைத்தால் உடனே அரசு வக்கீலுக்கும் கோர்ட் ஏட்டுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

துணைக்குப் போகிறவள் நான். என்ன எடுத்துப் போகட்டும்?

ஒரு நோட்டு, பேனா, சார்ஜர், கொஞ்சம் சில்லறை, சால்வை, நாப்கின், பிஸ்கட். ஆதார் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காகத் திரும்பி வராதீர்கள். டியூட்டி டாக்டர் பெயர், ஏ.ஆர். எண், எஸ்.ஐ. பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அவளிடம் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், டாக்டருக்கும் போலீசுக்கும் சொன்னால் போதும். அவள் பேசாமலே வந்தால் நீங்களும் பேசாமல் வாருங்கள். வீட்டுக்கு எந்த பஸ்ஸில் திரும்புவது, ராத்திரி யாரோடு படுப்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.